இரண்டு பிரசிடெண்டுக்கும் என் ஒரே கை

யுத்தம் முடிந்தும் துணி அரசாங்கக் கண்ட்ரோலில் இருந்த சமயம், எங்கள் ஊரில் பஞ்சாயத்து பிரசிடெண்ட் எலெக்ஷன் வந்தது. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் கரி பஸ் மூச்சு வாங்கி நிற்கிற இடங்களில் எங்கள் ஊரும் ஒன்று. பஸ் நிற்குமிடத்துக்கு எதிரே என் தையல் மிஷின். துணி கிடைக்காத தையல்காரனுக்கு வாய்தான் தொழில். எலெக்ஷன் எப்படி எப்படிப் போகும் என்று ஆரூடம் சொல்ல ஆரம்பித்தேன்.

"மொத வாரம் ரெண்டு பேரும் வீடு வீடா வந்து கும்பிடுவாக. ரெண்டாவது வாரம் ஊருணியத் தூர் வாருறேம்பாக. மூணாவது வாரம் கெடா வெட்டு. நடுவுல பழைய வரப்புத் தகராறு ஒண்ணு கெளம்பும், பாத்துக்கிட்டே இருங்க."

இதில் ஆரூடமே கிடையாது. மழை அபூர்வமாகப் பெய்கிற ஊரில் கும்பிடையும் ஊருணியையும் கெடாவையும் விட்டால் வேறு எதைக் காட்டி ஓட்டுக் கேட்க முடியும்? ஆனால் சொன்னது சொன்ன வரிசையிலேயே நடந்தது. வரப்புத் தகராறு மட்டும் இரண்டு நாள் முந்திவிட்டது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் என்னை மரியாதையாகப் பார்க்கத் தொடங்கினார்கள். என் வாய் கொழுத்ததற்கு நான் மட்டும் காரணமில்லை.

எலெக்ஷனில் நின்ற இருவருமே எனக்கு வேண்டியவர்கள். ஒருவர் என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான். இன்னொருவர் என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன்.

மச்சான் முதலில் வந்தார். எங்கே பதுக்கி வைத்திருந்தாரோ, ஒரு மல் துணியை மிஷின் மேல் போட்டார்.

"மாப்ள, ஜெயிச்ச அன்னைக்குப் போட ஒரு ஜிப்பா. ஜெயிப்பேன்ல?"

"மாலை விழுகும்ல, அதுக்கும் சேத்து ரெண்டு இஞ்சு விட்டுத் தைக்கிறேன் மச்சான். ஏங் கை ஒங்களுக்குத்தான்."

இரண்டு நாள் கழித்து அண்ணன் வந்தார். அவர் கையிலும் ஒரு மல் துணி.

"ஏலே தம்பி, மறைக்காமச் சொல்லு. எனக்கு எப்பிடி இருக்கு?"

"ஒங்களுக்கென்னண்ணே, ஜெயிச்சாச்சு. தூக்குற மொதக் கையே ஏங் கைதான்."

இரண்டு ஜிப்பாவும் முக்கால்வாசி முடிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் ஓட்டுப் பெட்டி கிடையாது. ஊருணிக் கரையில் எல்லோரும் உட்கார வேண்டும். அதிகாரி ஒவ்வொரு பேராகச் சொல்வார், வேண்டியவருக்குக் கையைத் தூக்க வேண்டும். நிற்கிற இருவரும் எதிரே நின்று, எவன் கை எப்போது எழும்புகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஊருக்கே மூன்று வாரத்தை முன்கூட்டிச் சொன்ன எனக்கு, நாலாவது வாரத்தில் என் கை இருப்பது தெரியவில்லை.

மச்சானுக்குத் தூக்காவிட்டால் என் வீட்டில் உலை கொதிக்காது. அண்ணனுக்குத் தூக்காவிட்டால் குலசாமி கும்பிடுக்கு என்னைச் சேர்க்கமாட்டார்கள். சோறு இறங்கவில்லை. அண்ணன் ஜிப்பாவில் கழுத்து வெட்ட வேண்டிய இடத்தில் பையை வைத்துவிட்டுப் பிரித்தேன். கடைசியில் வழி தெரிந்தது. ஒடிந்த கையை எவன் தூக்கச் சொல்வான்?

தேர்தலன்று காலையில் மூங்கில் சிம்பை வைத்து, முட்டையும் உளுந்து மாவும் குழப்பிப் பூசி, வலது கைக்கு நானே கட்டுப் போட்டேன். மாவு ஒட்டவில்லை என்று கொஞ்சம் கருப்பட்டிப் பாகும் சேர்த்தேன். எந்த வைத்தியரும் செய்யாத காரியம்.

மனைவி பார்த்தாள். "நல்லாத்தான இருந்துச்சு கை?"

"எலெக்ஷன் முடியிற வரைக்கும் ஒடிஞ்சிருக்கு."

"கையி ஒடிஞ்சுச்சோ இல்லையோ, ரெண்டு முட்டை ஒடிஞ்சிருச்சு. எங்கண்ணனுக்குத் தூக்காம இருக்கத்தான இம்புட்டுக் கூத்தும்?"

ஊருணிக் கரையில் மச்சான் பதறிப்போய்க் கேட்டார். மிஷின் கைமேல் சாய்ந்துவிட்டது என்றேன். அண்ணன் வந்து கேட்டபோது, ஞாபகமில்லாமல், கிணற்றுப் படியில் வழுக்கிவிட்டது என்றேன். நல்லவேளையாக அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதை நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது.

அதிகாரி என் கட்டைப் பார்த்தார். "பரவாயில்லை, நீங்கள் இடது கையைத் தூக்கலாம்."

இடது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். காப்பாற்றியவர் மச்சான்தான். "எடது கையாலயா? நல்ல காரியத்துக்கு அந்தக் கையையா நீட்டுவாக? எனக்கு வேணாம் சார்."

"எனக்கும் வேணாம்" என்றார் அண்ணன். மூன்று வாரத்தில் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான். குலசாமியை மனதுக்குள் கும்பிட்டு, புங்கமரத்து நிழலில் நிம்மதியாக உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்தில்தான் எறும்புப் புற்று.

அதிகாரி மச்சான் பேரைச் சொன்னார். கைகள் எழுந்தன. கருப்பட்டி வாசனை பிடித்து வந்த கட்டெறும்பு, சிம்புக்குள் நுழைந்து முதல் கடி கடித்தது. "ஆத்தே!" என்று உதறினேன். கை, கட்டோடு தலைக்கு மேலே போய்விட்டது. அதிகாரி எண்ணிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார். கீழே இறக்கி, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அடுத்து அண்ணன் பேர். இதற்குள் எறும்பு தன் சாதி சனத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு அக்குள் வரை வந்திருந்தது. கை மறுபடியும் மேலே போனது. இந்த முறை இறக்கவும் முடியவில்லை, ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

அதிகாரி கூட்டிப் பார்த்தார். வந்திருந்த ஆட்களைவிட ஒரு கை அதிகம்.

"செத்தவன் எவனும் வந்து தூக்கிட்டானா?" என்று ஒருவர் கேட்டார். அதற்குள் நான் கட்டைப் பிய்த்தெறிந்து, இரண்டு கையாலும் சொறிந்தபடி ஊருணிக்குள் குதித்திருந்தேன்.

மச்சான் கரையில் நின்று கேட்டார்: "மாப்ள, மிஷின் விழுந்த கையா இது?"

"மிஷினா? எங்கிட்ட கெணத்துப் படின்னானே!" என்றார் அண்ணன். ஒருவரையொருவர் பார்த்தார்கள். எலெக்ஷன் அறிவித்த பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தது அப்போதுதான். அவர்கள் சிரிக்கவே ஊரும் சிரித்தது. இடுப்பளவு தண்ணீரில் நான் மட்டும்தான் சிரிக்கவில்லை.

என்னை ஊருணிக்குள்ளேயே நிறுத்திவைத்து, மறுபடி எண்ணினார்கள். அண்ணன் பதினோரு கை வித்தியாசத்தில் ஜெயித்தார். என் கை எந்தப் பக்கம் போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அது எறும்புக் கடியைவிட வலித்தது.

ஒரு வாரம் கழித்து மச்சான் வந்து தன் ஜிப்பாவை மிஷின் மேல் போட்டார். "நீயே போட்டுக்க மாப்ள. ரெண்டு பக்கமும் கை தூக்குனவன் நீ ஒருத்தன்தான்." வீட்டில் உலை கொதிக்கத் தடையில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. குலசாமி கும்பிடுக்கும் அழைப்பு வந்துவிட்டது, முட்டை மட்டும் கொண்டுவரக் கூடாது என்ற நிபந்தனையோடு.

அந்த ஜிப்பாவைத்தான் இப்போதும் போட்டிருக்கிறேன். மாலைக்கு விட்ட இரண்டு இஞ்சில் காற்று வருகிறது. "பிரசிடெண்டு, இந்த வருசம் மழை எப்பிடி?" என்று பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் கேட்கிறார்கள். தெரியாது என்று தலையை ஆட்டுவதோடு சரி. கையைத் தூக்குவதில்லை.