மூன்றாவது தூணுக்குள் ஒரு கருப்பு வளையல்

போன வருஷம் மே மாத லீவில் நடந்தது இது. கள்ளக்குறிச்சியில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் நாலு குடும்பம் சேர்ந்து ஒரு வேன் பிடித்து, சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு தீம் பார்க்குக்குப் போனோம். ஏற்பாடு முழுக்க எங்கள் ஹவுஸ் ஓனர் அக்காவுடையது. அவர் கீழ் வீட்டில், நாங்கள் மாடியில். எந்தப் பார்க் என்று அவர் சொன்னதும் என் பெண் குதித்தாள். எனக்கோ பயம் பிடித்துக்கொண்டது.

காரணம், நான் சொன்ன ஒரு பொய்.

எங்களுக்குச் சொந்த ஊர் கல்வராயன் மலை மேலே. சாமையும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். அந்த வருமானம் போதாது என்று என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்னாலேயே சென்னைப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்விட்டார். கம்பி கட்டுகிற வேலை. தூணோ தளமோ, கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் உள்ளே கம்பியால் கூடு கட்டுவார்களே, அது. பெண்ணை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்கத்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் மலையை விட்டு இறங்கி வந்தோம்.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீடு கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. ஹவுஸ் ஓனர் அக்கா வீட்டைத் திறந்து காட்டும்போதே, "கூலி வேலைக்காரங்களுக்கு நான் வூடு வுடறதில்லம்மா, முன்னாடி இருந்தவங்க ரொம்பப் படுத்திட்டாங்க" என்றார். பிறகு வீட்டுக்காரருக்கு என்ன வேலை என்று கேட்டார். பில்டிங் வேலைங்க என்றேன். "இன்ஜினியரா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான். வாயைத் திறந்து பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் வேறு சொல்லிக்கொண்டேன்.

அதற்கப்புறம் பட்ட பாடு இருக்கிறதே! சுவரில் விரிசல் என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். எதிர்வீட்டு அண்ணன் மாடி கட்டப் போகிறேன் என்று பிளானைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவர் ஊரில் இருந்து வரட்டும், கேட்டுச் சொல்கிறேன் என்று எல்லோரையும் திருப்பி அனுப்புவேன். மாதத்துக்கு இரண்டு தடவை வருகிற மனிதர், இஸ்திரி போட்ட பேண்ட் சட்டையில் வந்து இரண்டு நாளில் கிளம்பிவிடுவார். யாரிடமும் நின்று பேசுகிற ஆளும் இல்லை. அவருக்கே இந்த விஷயம் தெரியாது. ஆனால் பெண்ணிடம் மட்டும், யாராவது கேட்டால் அப்பா இன்ஜினியர் என்று சொல்லு என்று சொல்லி வைத்திருந்தேன். ஏழு வயசுப் பிள்ளையிடம் அதைச் சொன்ன வாயை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அந்தப் பார்க்கைக் கட்டிய ஆட்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். அவர் அங்கே வேலையில் இருந்தபோதுதான் எங்கள் பெண் பிறந்தாள். பதினாறாம் நாள் பேர் வைக்க வந்தவர், திரும்பிப் போகும்போது குழந்தை கையில் கிடந்த குட்டிக் கருப்பு வளையல் ஒன்றைக் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. தூணுக்கு முதல் சட்டி கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் கற்பூரம் காட்டி, பூவும் காசும் உள்ளே போடுவார்கள். அன்றைக்கு இவர் கையில் காசு இல்லையோ, இல்லை மனசுதான் அப்படிச் சொன்னதோ, அந்த வளையலைக் கட்டுக்கம்பியால் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட்டார். இந்தக் கதையைக் கேட்காமல் என் பெண் தூங்கிய நாள் கம்மி. தன் வளையல் இருக்கிற தூணைப் பார்க்கத்தான் அவள் அப்படிக் குதித்தாள். வேனில் வாயைத் திறக்கக் கூடாது என்று அவளை மிரட்டித்தான் ஏற்றினேன்.

விடியற்காலையில் கிளம்பினோம். உளுந்தூர்பேட்டையில் டீக்கு நிறுத்தியபோது ஹவுஸ் ஓனர் அக்கா பெரிய குரலில், "இன்ஜினியர் சார், நீங்க முன்னாடி சீட்டுல உக்காருங்க" என்றார். என் வீட்டுக்காரர் டீ கிளாஸோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு பார்வைதான். பிறகு முன்சீட்டில் போய் உட்கார்ந்தார். அப்பாடா, தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச தூரம் போன பிறகு கவனித்தேன். கையைக் கட்டி, விரல்கள் இரண்டு பக்கமும் அக்குளுக்குள் போகும்படி உட்கார்ந்திருந்தார். கம்பி கிழித்துக் கிழித்துக் காய்த்துப்போன கை அது. அதை ஒளித்துக்கொண்டு வந்தார்.

பார்க்கில் வெளிச்சாப்பாடு விட மாட்டார்கள் என்று தெரியாமல் ஒரு அண்டா புளிசாதம் கட்டிக்கொண்டு போயிருந்தோம். கேட்டுக்கு வெளியே நின்று, காலை ஒன்பது மணிக்கே அத்தனை பேரும் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு உள்ளே போனோம். சிரிப்பும் கூத்துமாகத்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் மட்டும் நடந்த வழியெல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தார். என் காதோரம் மெதுவாக, "தண்ணி ரொப்பறதுக்கு முன்னாடியே எங்கள அனுப்பிட்டாங்க. தண்ணியோட இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார்.

பெரிய தண்ணீர்ச் சறுக்கு ஒன்று. நாலு மாடி உயரத்துக்குப் படியேறிப் போய், மேலே இருந்து குழாய்க்குள் வழுக்கி வர வேண்டும். அந்த மேடையைத் தாங்கி வரிசையாகத் தூண்கள், ஊதாவும் மஞ்சளுமாகப் பெயிண்ட் அடித்து நின்றன. எல்லோரும் ஏறத் தயார். ஹவுஸ் ஓனர் அக்கா மட்டும் முதல் படியிலேயே கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "இன்னா சார், இம்மாம் பேரு ஏறிக்கினு இருக்காங்க. தாங்குமா? நீங்க இன்ஜினியரு, நீங்களே சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் அந்தத் தூணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "தாங்கும்ங்க" என்றார் தரையைப் பார்த்து.

அப்போது என் பெண் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, என் வளையலு எந்தத் தூண்ல கீது?"

"அப்புறமா சொல்றேன் கண்ணு."

எட்டு வருஷமாக எங்கள் வீட்டில் ஆசை ஆசையாகச் சொன்ன கதை. அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் நின்றுகொண்டு, என் ஒரு தலையாட்டலுக்காக அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டார். பெண்ணின் முகம் வாடிப்போனது. வீடு போனால் போகட்டும் என்று தோன்றிவிட்டது.

"அக்கா, அவரு இன்ஜினியர் இல்லக்கா" என்றேன். "கம்பி கட்றவரு. வூட்டுக்காக நான்தான் பொய் சொன்னேன், அவருக்குத் தெரியாது. இந்தத் தூணுக்கெல்லாம் கம்பி கட்னவங்கள்ல அவரும் ஒருத்தரு. எம் பொண்ணு வளையலு இதுக்குள்ளதான் கெடக்குது."

வரிசையில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா என்னை முறைத்தார். அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவர் கையை. வீட்டைக் காலி பண்ணு என்ற வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். அக்கா கேட்டது அவரிடம்: "நெசமாவா? எந்தத் தூணு?"

என் வீட்டுக்காரர் சறுக்குக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் ரூம் பக்கம் இருந்து தூண்களை எண்ணிக்கொண்டு போனார். மூன்றாவது தூணில் உள்ளங்கையை வைத்து நின்றார். எந்தக் கம்பி எங்கே இருக்கிறது, அதைச் சுற்றி எத்தனை ரிங் வளைத்துப் போட்டது, எந்த மழையில் நனைந்துகொண்டு கட்டியது என்று சொல்ல ஆரம்பித்தார். இவ்வளவு பேச வரும் என்று எனக்கே தெரியாது. என் பெண் தூணைக் கட்டிப்பிடித்துக் காதை வைத்துப் பார்த்தாள். எதிர்வீட்டு அண்ணன் மாடி கட்டுவதைப் பற்றி அங்கேயே ஆரம்பித்துவிட்டார். அத்தனை பேர் நடுவில் நிமிர்ந்து நின்ற அந்தக் கம்பி கட்டுகிறவர் என் புருஷன் என்று எனக்கு வந்த பெருமை, கல்யாண மேடையில்கூட வந்ததில்லை.

"இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னாடி உனக்கு?" என்று அக்கா என் முதுகில் ஒன்று வைத்தார். வலிக்கத்தான் வைத்தார். பிறகு கைப்பிடியை விட்டுவிட்டு, "தம்பி, நீ முன்ன போ. நான் உன் பின்னாலயே வரேன்" என்றார். காலையில் இருந்து சார், சார் என்றவர் தம்பி என்றதில் துளிகூட மரியாதைக் குறைச்சல் இல்லை. நாலு மாடியும் ஏறி, கத்திக்கொண்டே வழுக்கி வந்து, இன்னொரு தடவை என்று மறுபடி ஏறினார்.

அன்றைக்கு எல்லோரும் ராட்டினத்தோடும் பொம்மையோடும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் மாட்டியிருப்பது ஒரு தூணோடு நாங்கள் மூன்று பேர் நிற்கிற போட்டோ. வீட்டை நாங்கள் காலி பண்ணவில்லை. விரிசலைக் காட்ட மட்டும் அக்கா இப்போது நேராக அவரையே கூப்பிடுகிறார். ஜூனில் பள்ளிக்கூடப் படிவத்தில் அப்பாவின் தொழில் என்ற இடத்தை என் பெண்ணே நிரப்பினாள். கம்பி கட்டுபவர் என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு, நான் ஏதாவது சொல்வேனோ என்று நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வைதான் இன்னும் என்னைச் சுடுகிறது. அதனால்தான் யாராவது அவர் வேலையைப் பற்றிக் கேட்டால், அவள் காதில் விழும்படி நானே முந்திக்கொண்டு சத்தமாகச் சொல்கிறேன்.