நீதிமன்றம் போகும் ஒரே பஸ்

வடமராட்சி கிழக்கின் மணல் வீதியில், நிழலில்லாத ஒரு தரிப்பிடத்தில் நிற்கிறேன். நீதிமன்றம் இருக்கும் பருத்தித்துறைக்குக் காலையில் இந்த ஒரு பஸ்தான். உப்புக் காற்று பனையோலைகளைச் சுரண்டிக்கொண்டே இருக்கிறது. பக்கத்தில் ஒரு பெண், சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தபடி.

"கோட்டுக்கோ, தங்கச்சி?"

"ஓம் அண்ணை. என்ரை மனுசன்ரை கையை வெட்டின வழக்கு. இண்டைக்கு நான் சாட்சி சொல்லவேணும்."

"வெட்டினவன்?"

"பிணையிலை வந்திட்டான். உதிலை நிக்கிறான். அவனுக்கும் இந்த பஸ்தானே."

சற்றுத் தள்ளி, வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் தலைவாரிக்கொண்டிருக்கிறான்.

பஸ் வருகிறது. ஏறுகிறோம். அவன் அவளுக்குப் பின்னால் நெருங்கி நின்று, நடத்துனரிடம் உரக்கச் சொல்கிறான்:

"கோட்டுக்கு ரெண்டு ரிக்கற். அக்காவும் என்னோடைதான் வாறா. பின்னேரம் திரும்பியும் ஒண்டாத்தான் வருவம், என்னக்கா?"

சிலர் சிரிக்கிறார்கள். மற்றவர்கள் கடலைப் பார்க்கிறார்கள். நான் எழுந்து என் இருக்கையைக் காட்டுகிறேன், அவள் அமரவில்லை. அடுத்த தரிப்பிடத்தில், பற்றைகளைத் தவிர எதுவுமில்லாத இடத்தில் இறங்கி, வந்த வழியே நடக்கிறாள்.

நீதிமன்றத்தில் இன்று அவள் பெயரைக் கூப்பிடுவார்கள். அதைக் கேட்கப்போகிறவன் என் இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடுகிறான்.