செல்வி இப்போது பேசும் தமிழ்

எங்கள் வீட்டில் இப்போது எல்லோரும் என் முதுகைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். ஊரில் இருக்கும் நீங்கள் இதைக் கேட்டால் குடும்பச் சண்டை என்று நினைப்பீர்கள். மருத்துவர் சொன்ன பயிற்சி இது. காதுக்குப் பின்னால் அறுத்துக் கருவி பொருத்தியிருக்கிறார்கள். வாயைப் பார்க்காமல் கேட்டுப் பழகினால்தான் மூளை அந்தச் சத்தத்தைப் பேச்சாக ஏற்குமாம்.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வேலைக்காக ஓசூர் வந்து, ஒரு காய்ச்சலில் இரண்டு காதும் போய் எட்டு வருடம் ஆகிறது. அதன் பிறகு உதடுகளைப் பார்த்தே காலம் தள்ளினேன். உதடு பாதிதான் சொல்லும், மீதியை நாமே நிரப்பிக்கொள்ள வேண்டும். ஆபரேஷன் முடிந்த வாரம் எழுந்து நின்றாலே தலை சுற்றியது. என் மனைவி செல்வி, கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு, கட்டில் முதல் குளியலறை வரை என் இடுப்பைப் பிடித்தே நடந்தாள். தையலில் தண்ணீர் படாமல் தலையைத் துடைத்துவிடுவாள். அப்போதெல்லாம் ஒரே ஆசைதான் எனக்கு: அவள் குரலை மறுபடி கேட்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்துக் கருவியை இயக்கினார்கள். செல்வி வாயைத் திறந்தாள்; தகர டப்பாவுக்குள் யாரோ கீச்சிட்டார்கள். "இது உன் குரலே இல்ல" என்று சொல்லிவிட்டேன், அதுவும் உரக்க. செல்வி சிரித்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தப் பாவத்தை இன்னும் சுமக்கிறேன்.

போகப் போகச் சத்தம் பேச்சாகத் தெளிந்தது. மகள் நிவேதா சொல்வது பாதி விளங்கியது. வீட்டுக்காரர் மனைவி மஞ்சுளாக்கா கன்னடக்காரர், காது போன பிறகு பழக்கமானவர். அவர் குரலை நான் கேட்டதே இல்லை. ஒருநாள் என் பின்னால் நின்று "ஊட்டா ஆய்த்தா?" என்றார். சாப்பிட்டாச்சா என்று கேட்கிறார் என்பது உடனே புரிந்து, "ஆய்த்துக்கா" என்றேன். செல்விக்குப் பொறுக்கவில்லை. என் முன்னால் வந்து நின்றாள்.

"அந்தக்கா பேசுனா வெளங்குது, நான் பேசுனா மட்டும் வெளங்கலயா?"

உண்மை. பின்னால் நின்று அவள் சொல்வதில் ஒரு சொல்கூட எனக்குப் பிடிபடவில்லை. கடைசியில் நிவேதா, அம்மா சொன்னதைச் சொன்னபடியே தாளில் எழுதிக் காட்டினாள்: 'இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க, சாப்ட வரீங்களா?'

"உங்கம்ம எங்க இப்டிப் பேசுதா?" என்றேன்.

"அம்மா எப்பவோ இருந்தே இப்டித்தாம்பா பேசுறாங்க. நீங்கதான் இன்னும் ஊர்ல இருந்து வந்த மாதிரியே பேசுறீங்க."

செல்வி திகைத்துப் போனாள். அவளுக்கே தெரியவில்லை. என் காது போன பிறகு அவள்தான் பேக்கிங் வேலைக்குப் போனாள். கம்பெனி பஸ்ஸிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் பள்ளிக்கூடத்திலும் எனக்காகவும் சேர்த்து அவளே பேசினாள். பேசிப் பேசி இந்த ஊர்க்காரி ஆகிவிட்டாள். நானோ அவள் உதட்டைப் பார்த்து, கல்யாணமான புதிதில் கேட்ட பேச்சையே அதில் ஊற்றி நிரப்பிக்கொண்டிருந்தேன். நாங்கள் சேர்ந்து பிழைக்க வந்தோம் என்றுதான் உங்களிடம் சொல்லி வந்திருக்கிறேன். அவள் எட்டு வருடம் தனியாகப் பிழைத்திருக்கிறாள். நினைக்க நினைக்க அழுகை வந்தது.

என்ன நினைத்தாளோ, செல்வி எழுந்து என் பின்னால் போய் நின்றாள். எங்கள் ஊர்ப் பேச்சில் கேட்டாள்:

"என்ன செய்யுதிய? சாப்பிட வாரியளா?"

முழுசாக விளங்கியது. தகரக் குரல்தான், ஆனாலும் அவளேதான். "வாரேன்" என்றேன். நிவேதா குதித்துக் கைதட்டினாள்.

நான் திரும்பவில்லை. "இப்ப, நீ கம்பெனில பேசுத மாதிரியே சொல்லு" என்றேன்.

சொன்னாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"இன்னொருக்க சொல்லு."