மீன் வரிசை

சான்ட்ரா டீச்சர் இடக்கையால் ஆர்மோனியத்தின் துருத்தியை அழுத்திக்கொண்டே தலையைக் கொஞ்சம் சாய்க்கிறார். முப்பது பேர் சேர்ந்து பாடும்போது எந்தப் பிள்ளையின் சுருதி விலகுகிறது என்று பத்தடி தள்ளி இருந்தே அவருக்குத் தெரிந்துவிடும். பாட்டை நிறுத்த மாட்டார். வலக்கை கட்டைகளை விட்டு எழுந்து அந்தப் பிள்ளையைக் காட்டும், பிறகு தன் உதட்டைத் தொடும்.

"நீ வாயை மட்டும் அசை கண்ணு. சத்தம் வேணாம்."

பிள்ளை சத்தத்தை விழுங்கிவிட்டுப் பின்வரிசைக்குப் போகும். பள்ளிக்கூடத்தில் அதற்குப் பெயர் மீன் வரிசை.

சீர்காழிக்குப் பக்கத்தில், ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஒரே வளாகத்தில் இருக்கும் பள்ளி அது. அத்தனை வகுப்புக்கும் பாட்டு டீச்சர் இவர் ஒருவர்தான். வயது ஐம்பத்திரண்டு. தயிர் தொட மாட்டார், பிளாஸ்கில் வெந்நீர் இல்லாமல் வகுப்புக்கு வர மாட்டார். பள்ளி வேனின் ஹாரன் காதைக் கூசுகிறது என்று டிரைவர் கோவிந்தராசுவை இரண்டு வருடம் நச்சரித்து மாற்ற வைத்தவர். பாட்டு அறையில் பாதியைச் சத்துணவு அரிசி மூட்டைகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அதைப் பற்றி மட்டும் அவர் குறை சொன்னதில்லை, மூட்டை இருந்தால் எதிரொலி குறையுமாம்.

கல்நெஞ்சக்காரி இல்லை. மீன் வரிசைப் பிள்ளைகளுக்கும் அதே மிட்டாய், அதே மேடை உடுப்பு. அவர்களுக்கும் பாடம் உண்டு: எங்கே மூச்செடுக்க வேண்டும், எந்த எழுத்துக்கு வாயை எவ்வளவு திறக்க வேண்டும், எதுவரை மூடக் கூடாது. "ஜட்ஜ் மொகத்தையும் பாப்பாங்கல்ல" என்பார். மண்டல அளவிலான சேர்ந்திசைப் போட்டியில் ஏழு வருடம் தொடர்ந்து ஷீல்டு வாங்கினார்கள். மேடையில் பிள்ளை வாயசைப்பதைப் பெற்றோர் செல்போனில் பிடித்துச் சொந்தபந்தத்துக்கெல்லாம் அனுப்பினார்கள். யாருக்கும் நட்டமில்லை என்றே டீச்சர் நம்பினார். நம்புவதற்கு வசதியாகவும் இருந்தது.

உண்மையில் பாடியவர்கள் எட்டே பேர். எட்டும் ஒரே வகுப்பு, எட்டும் நல்ல குரல். அது போதும் என்று மற்றவர்களின் குரலைக் கவனிக்காமல் விட்டுவிட்டார். போன ஏப்ரலில் அந்த எட்டுப் பேரும் பிளஸ் டூ முடித்துப் போய்விட்டார்கள். அவர்கள் இடத்தை நிரப்பியதும் வாயசைத்துப் பழகிய பிள்ளைகள்தான்.

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது தாளாளர் அந்தோணிமுத்து கூப்பிட்டு அனுப்பினார். இந்தத் தடவை ஷீல்டு இல்லையென்றால் பாட்டுப் பீரியடை எல்லா வகுப்பிலும் எடுத்துவிட்டுக் கணக்குக்குக் கொடுக்கப்போவதாகத் தன்மையாகத்தான் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர், ரிசல்ட்டுன்னு ஒண்ணு இருக்குல்ல."

மறுநாள் டீச்சர் மீன் வரிசையை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். இன்றைக்கு எல்லோரும் சத்தமாகப் பாடலாம், தப்பாக வந்தாலும் பரவாயில்லை என்று இரண்டு தடவை சொன்னார். ஆர்மோனியத்தில் சுருதி கொடுத்துக் கையை உயர்த்தினார்.

முப்பது வாயும் ஒன்றாகத் திறந்தன. மூச்சு வேண்டிய இடத்தில் எடுத்தார்கள், நீட்ட வேண்டியதை நீட்டினார்கள், வரியின் முடிவில் ஒன்றாக மூடினார்கள். ஒரு பிசகு இல்லை. சத்தம்தான் இல்லை. எங்கோ ஒரு முனகல் எழுந்தது, பக்கத்துப் பிள்ளை திரும்பிப் பார்த்ததும் அதுவும் அடங்கிப்போனது. பக்கத்து வயலில் டிராக்டர் சேறடிப்பது நன்றாகக் கேட்டது.

விளையாடுகிறார்கள் என்று முதலில் சிரித்தார். இரண்டாம் தடவை சிரிப்பு வரவில்லை. மூன்றாம் தடவை கத்தினார். நாலாம் தடவையும் முப்பது வாய்கள் அழகாகத் திறந்து மூடின.

முன்வரிசையில் பத்தாம் வகுப்பு செம்மொழி நின்றாள். ஒன்றாம் வகுப்பிலிருந்தே மீன் வரிசை. வாயசைப்பில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஏன் பாட மாட்டேன் என்கிறாய் என்று டீச்சர் அவளைக் கேட்டார்.

"பாடுறேன் மிஸ். மனசுக்குள்ள கரெக்டாதான் பாடுறேன். சத்தம்தான் வர மாட்டேங்குது." கொஞ்சம் யோசித்துவிட்டு, உதவியாக இருக்கட்டும் என்பதுபோல் அவளே சொன்னாள்: "வீட்டுலயும் இப்பிடித்தான் மிஸ். தம்பியத் தூங்க வைக்கிறப்பகூட வாயத்தான் அசைப்பேன். அவன் என் மொகத்தையே பாத்துக்கிட்டு கெடப்பான்."

அவள் குரலில் வருத்தம்கூட இல்லை. டீச்சருக்கு அதுதான் தாங்கவில்லை. இத்தனை வருடமும் இந்தப் பெண்ணுக்குத் தான் சொல்லிக்கொடுத்தது இது ஒன்றைத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. மூன்று வாரம் என்ன, மூன்று வருடத்திலும் இதைத் திருப்பி எடுக்க முடியாது.

துருத்தியை விட்டுவிட்டு எழுந்தார். வரிசைக்கு வந்து செம்மொழியின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கு மட்டும் பாடும்மா."

செம்மொழி குனிந்து வாயைத் திறந்தாள். டீச்சர் தன் காதை அவள் உதட்டருகே கொண்டுபோனார். சூடான காற்று வந்தது, நின்றது, வந்தது. ஒவ்வொரு வரியும் முடிய வேண்டிய இடத்தில் சரியாக முடிந்தது. பாட்டு முழுவதும் முடிந்து செம்மொழி வாயை மூடிக்கொண்டாள். டீச்சர் காதை எடுக்கவில்லை.