பாதியாக வெட்டிய மாத்திரை

இருபத்திரண்டு ஆண்டுகள் பள்ளிப் பேருந்து ஓட்டியவர் அவர். ஓடும் வண்டியில் ஒரு பிள்ளை எழுந்து நின்றால் போதும், ஓரம் கட்டி நிறுத்திவிடுவார்; எல்லோரும் உட்காரும்வரை வண்டி நகராது. பிள்ளைகள் வைத்த பெயர் பிரேக்கம்மா. வருகைப் பதிவேட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அதுவே நிலைத்துவிட்டது.

அறுபத்து மூன்று வயதில், ஸ்டீயரிங் பட்ட இடமெல்லாம் உள்ளங்கை நீலம் பாரித்தது. பரிசோதனையில் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. இதயம் பலவீனம் என்பதால் கடுமையான சிகிச்சை தாங்காது என்ற மருத்துவர், குறைந்த அளவு ஊசியோடு தினம் ஒரு மாத்திரை என்று எழுதிக் கொடுத்தார்.

அன்று கூடப் போனவன் மகன். வீட்டில் கர்ப்பிணி யாராவது உண்டா என்று செவிலி கேட்டபோது, தாயும் மகனும் ஒரே மூச்சில் இல்லை என்றார்கள். மருமகளுக்கு இரண்டு முறை கரு கலைந்திருந்தது. அந்தப் பேச்சையே வீட்டில் யாரும் எடுப்பதில்லை. மாத்திரையை உடைக்காமல் முழுங்க வேண்டும் என்று செவிலி அடுத்துச் சொன்னது, நோயின் பெயரைக் கேட்ட கலக்கத்தில் இரண்டு பேர் காதிலும் ஏறவில்லை.

மகனுக்குத் துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை. அதனால் தான் வேலை பார்த்த மூக்குக் கண்ணாடிக் கடைக்குப் போய்வந்த நேரம் போக, மாமியாரைக் கவனித்துக்கொண்டது மருமகள்தான். இரண்டாம் மாதம் மாத்திரையின் பக்கவிளைவாகப் பிரேக்கம்மாவுக்குக் கெண்டைக்கால் சதை பிடித்து இழுக்கத் தொடங்கியது. நாக்கு செத்துப்போய், எதைத் தின்றாலும் அட்டையை மெல்வது போலிருந்தது. மாத்திரையோ தொண்டையில் நின்றது. மருமகள் அதைச் சின்னக் கத்தியால் இரண்டாக வெட்டி, தட்டில் சிதறிய தூளை விரல்நுனியால் கூட்டி, மசித்த வாழைப்பழத்தில் சேர்த்துக் கொடுத்தாள். ஒரு துளி மருந்தும் வீணாகக் கூடாது என்பது அவள் கவலை.

மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு அவளே கூட வந்தாள். எலும்பு மஜ்ஜையில் நூற்றுக்கு நாற்பதாக இருந்த கெட்ட செல்கள் ஒன்பதாகக் குறைந்திருந்தன. மருத்துவர் உற்சாகமாக இருந்தார். இந்த மாத்திரை அப்படி என்னதான் செய்கிறது என்று மருமகள் கேட்டாள்.

“கருவுல குழந்தை உருவாகும்போது செல்லுங்க ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்பும், நீ கையாகு, நீ முகமாகுன்னு. வேலை முடிஞ்சா அந்தச் சேதி பெரும்பாலும் அடங்கிடும். இந்தப் புற்றுநோய் செல்லுங்க அதை மறுபடி கிளப்பிவிட்டு, அந்த பலத்துல பிழைச்சுக் கிடக்குதுங்க. மாத்திரை அந்தச் சேதியை மறிக்குது. அதான் கர்ப்பமா இருக்கிறவங்க இதைத் தொடக் கூடாதுன்னு சொல்றோம்.”

மேசைமேல் இருந்த தன் இரு கைகளையும் மருமகள் மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“தூள் கையில பட்டிருந்தா, டாக்டர்?”

“யார் கையில?” என்று பிரேக்கம்மா திரும்பினார்.

“எனக்குப் பத்து வாரம், அத்தை. மூணு மாசம் தாண்டட்டும்னு அவர்கிட்டகூடச் சொல்லலை.”

மருத்துவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். எத்தனை நாள் வெட்டினாள், கையுறை போட்டாளா, உடனே கை கழுவினாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பத்தொன்பது நாள். கையுறை இல்லை. கழுவியது சில நாள்தான் நினைவிருந்தது. தோல் வழியாகப் போயிருப்பது மிகக் கொஞ்சமாகத்தான் இருக்கும், ஆனால் ஒன்றும் ஆகாது என்று சத்தியம் செய்ய முடியாது என்றார். இனித் தொடாமல் இருப்பதும், பதிமூன்றாம் வாரமும் இருபதாம் வாரமும் ஸ்கேன் பார்ப்பதும்தான் வழி.

வீடு வந்ததும் பிரேக்கம்மா மாத்திரை டப்பாவைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். மறுநாளிலிருந்து அதைத் திறக்கவே இல்லை.

மருமகள் கண்டுபிடித்தது எட்டாம் நாள். காலைப் பிடித்துக்கொண்டு முனகும் சத்தம் நின்றிருந்தது. போதாததற்கு, சூப்பில் உப்புத் தூக்கல் என்று வேறு மாமியார் சொல்லிவிட்டார்.

“உங்களுக்கு எப்போ இருந்து உப்பு தெரியுது? மாத்திரையை நிறுத்திட்டீங்களா?”

பிரேக்கம்மா கரண்டியைக் கீழே வைத்தார். “என்னைக் காப்பாத்துற மருந்து உன் வயித்துப் பிள்ளையோட கையிலயோ முகத்திலயோ வேலையைக் காட்டியிருந்தா? எனக்கு அது தொண்டையில எறங்கலம்மா.”

“நீங்க நிறுத்தினா, பட்டது படாததா ஆயிடுமா? ரெண்டு தடவை பறிகொடுத்துட்டு உட்கார்ந்திருக்கேன், அத்தை. இதுவும் என்ன ஆகும்னு தெரியலை. உங்களையும் சேர்த்துப் பறிகொடுக்கச் சொல்றீங்களா?”

அவள் அழவில்லை. கதவருகே நின்று, மாமியார் அலமாரியைத் திறக்கும்வரை நகரவும் இல்லை. பிரேக்கம்மா மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு நடந்ததை ஒப்புக்கொண்டார். வாங்க வேண்டிய திட்டையும் வாங்கிக்கொண்டு மறுபடி தொடங்கினார். கதவைச் சாத்திக்கொண்டு, முழு மாத்திரையை மடக்கு மடக்காகத் தண்ணீர் குடித்து இறக்கினார். டம்ளரையும் தானே தனியாகக் கழுவினார். மூன்றாம் நாள் கால் பிடித்து இழுத்தபோது அவருக்கு ஏனோ நிம்மதியாக இருந்தது.

பதிமூன்றாம் வார ஸ்கேனில் குறையாக ஒன்றும் தெரியவில்லை. இருபதாம் வாரம், மகனும் மருமகளும் உள்ளே போக, பிரேக்கம்மா தாழ்வாரத்தில் நின்றார். இருபது நிமிடத்தில் முடியும் என்றிருந்தார்கள். நாற்பது ஆயிற்று. கதவு திறந்து ஓர் ஊழியர் விரைந்து போய், வயதான மருத்துவர் ஒருவரை அழைத்து வந்தார். கதவு மறுபடி சாத்திக்கொண்டது. அந்த நேரம் பார்த்து இரண்டு கெண்டைக்காலும் கல்லாக இறுகின. உட்கார்ந்தால் எழ முடியாது என்று சுவரில் முதுகைச் சாய்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

முதலில் வந்தவன் மகன். “முதுகைக் காட்டிட்டே படுத்திருந்துச்சும்மா. முகம் தெரியலைன்னுதான் பெரிய டாக்டரைக் கூப்பிட்டாங்க. இவளைக் கொஞ்சம் நடக்க விட்டு, மறுபடி பார்த்தாங்க. கை, விரல், உதடு, முதுகெலும்பு, பார்க்க முடிஞ்சவரைக்கும் எல்லாம் சரியா இருக்காம்.”

பிரேக்கம்மா அப்படியே சுவரோடு சறுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்த மருமகள், வயிற்றைப் பிடித்தபடி பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்து, மாமியாரின் காலை எடுத்து நீவத் தொடங்கினாள்.

குழந்தை பெண். பிறந்தபோது எடை கொஞ்சம் குறைவு. வேறு குறை இல்லை. இப்போது ஏழு மாதம், தவழ்கிறது. பிரேக்கம்மாவுக்கு நோய் முழுக்கப் போய்விடவில்லை. கெட்ட செல்கள் நூற்றுக்கு மூன்றில் நிற்கின்றன. ஒருநாள் இந்த மாத்திரைக்கும் அவை மசியாமல் போகலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஒவ்வொரு மாதமும் அறிக்கை வருவதற்கு முந்தைய நாள், வீட்டில் மூன்று பேரும் குரலைத் தாழ்த்தித்தான் பேசிக்கொள்கிறார்கள்.