இடப்பக்கம் மெலிந்த நடைவண்டி

நேற்று ஒரு கண்காட்சியில், சுழலும் மரத்தில் யாரோ அரக்குக் குச்சியை அழுத்த, இனிப்பும் கருகலுமாக எழுந்த வாசனை என்னைத் திருத்தணி மலைப்படிக்குக் கீழே, இன்று வேன்கள் நிற்கும் இடத்தில் இருந்த நைனாவின் கடைசல் பட்டறைக்கே கொண்டுபோய்விட்டது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். மேலிருந்து அரோகரா இறங்கிக்கொண்டே இருக்கும், மோட்டார் இரைந்துகொண்டே இருக்கும், மரச்சீவல் சுருள் சுருளாக என் பாவாடையில் விழுந்துகொண்டே இருக்கும். அம்மா டிராயிங் பரீட்சை பாஸானவள். எந்தச் சாமானுக்கும் நோட்டில் நடுக்கோடு போட்டு, இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றுபோல் வரைந்து தருவாள்; அழகுக்கு அதுதான் விதி என்பாள். நைனா அதை ஒருமுறை பார்ப்பார், பிறகு மரத்தைத்தான் பார்ப்பார்.

தம்பிக்குச் செய்த நடைவண்டியில் கைப்பிடிக் கட்டையின் இடப்பக்கம் மெலிந்திருந்தது.

“இன்னாங்க இது? நான் போட்ட நடுக்கோடு இன்னாத்துக்கு?” என்றாள் அம்மா.

“தெரியல. கை அப்டிதான் போச்சு. அவன் என் வெரல புடிச்சிகினு இருப்பானே, அதே நெனப்புல கடைஞ்சிட்டேன்.”

அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. தம்பிக்கு இடக்கையில் பலம் குறைவு என்று டாக்டர் சொன்னது பல மாதங்கள் கழித்து. அதற்குள் அவன் அந்த வண்டியைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை நடந்திருந்தான்.

அம்மாவின் நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. நடைவண்டிப் படத்தின் இடப்பாதியை ரப்பரால் தேய்த்துத் தேய்த்து அழித்து, மெலிந்ததாகத் திரும்ப வரைந்திருக்கிறாள். நடுக்கோட்டை மட்டும் அழிக்கவில்லை.