அக்கா மகள் கன்னத்து நிழல்

கலர் பென்சில்ல வெளிச்சமும் நிழலும் வரவைக்கறதுல எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. தறியை விட்டு இறங்கினா போன்ல வீடியோ பார்த்துக்கினு நானே பழகினது. பித்தளைச் சொம்பை வரைஞ்சா, பிள்ளையார்பாளையத்துல எங்க தெருவே வந்து தாளைத் தொட்டுப் பார்க்கும். அதனாலதான், மகளைப் பொண்ணு பார்க்க வர்றாங்கன்னதும் அக்கா சொன்னா: "கூடத்துல மாட்ட அவளை ஒரு படம் போட்டுக் குடுடி." புது டப்பாவே வாங்கினேன்.

அக்கா மகள் நல்ல கருப்பு. ரெண்டு இடம் அதுக்காகவே தட்டிப்போச்சு. வீட்ல யாரும் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம்.

ஜன்னலோரமா உக்கார வெச்சேன். ஒரு கன்னத்துல வெயில், இன்னொரு கன்னத்துல மூக்கோட நிழல். பார்க்க அவ்வளவு நல்லா இருந்தது. நிழலுக்கு டார்க் பிரவுனைக் கையில எடுத்தவ, அப்படியே வெச்சுட்டேன். க்ரீம் கலரை அடிச்சு, மேல வெள்ளையைப் போட்டுத் தேய்ச்சு, நிழல்னு பேருக்கு லேசா ரோஸ் தடவினேன். அவ எட்டிப் பார்க்க வந்தப்ப, "முடியட்டும், போடி"ன்னு மறைச்சேன். நல்லதுதான் பண்றோம்னு நெனச்சேன், பாவி.

ஞாயித்துக்கிழமை காலையிலதான் படத்தைக் கூடத்துல மாட்டினேன். கொஞ்ச நேரத்துல ஐயம்பேட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தாங்க. பையனோட அம்மா காபி டம்ளரும் கையுமா படத்தையே பார்த்துக்கினு இருந்தாங்க. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே பெருமை. அப்புறம் தட்டோட நின்ன பொண்ணைப் பார்த்தாங்க. அக்கா பக்கம் திரும்பி, படத்தைக் காட்டி, "இது உங்க பெரிய பொண்ணாம்மா?"ன்னாங்க. குத்திக் காட்டல, நெஜமாவே கேட்டாங்க.

அக்காவுக்கு இருக்கிறதே இந்த ஒரு பொண்ணுதான். தட்டோட நின்னவளேதான் சொன்னா: "இல்லீங்க. அது எங்க சித்திக்குப் புடிச்ச பொண்ணு."

காலி டம்ளருங்களை எடுத்துக்கினு நான் உள்ளே போயிட்டேன்.

அவங்க கிளம்பினதும் படத்தைக் கழட்டப் போனேன். "ஏன் சித்தி, அரக்குப் புடவையிலதான் ஜரிகை எடுப்பாத் தெரியும், வெளிர் கலர்ல செத்துப்போவும்னு கடைக்காரர்கிட்ட நீதானே சண்டை போடுவ? என் மூஞ்சிக்கு மட்டும் ஏன் அது தோணல?"ன்னு கேட்டா. கோவமா கேட்டிருந்தாக்கூட தேவலை.

சாயந்திரமே போன் வந்துச்சு, பொண்ணைப் புடிச்சிருக்குதாம். அக்கா சந்தோஷத்துல அழுதா. நான் அடுப்படியிலேயே நின்னுட்டேன். எங்கிருந்தோ வந்தவங்களுக்குப் புடிச்ச முகத்தை, தூக்கி வளர்த்த நான் சுண்ணாம்பு அடிச்சு மூடியிருக்கேன். சீ!

மறுநாள் காலையில அவளே ஜன்னலோரம் வந்து உக்கார்ந்தா. "இப்ப போடு, சித்தி."

டப்பாவைத் திறந்தேன். வெள்ளைப் பென்சில் பாதியாத் தேய்ஞ்சிருந்தது. டார்க் பிரவுன், வாங்கின கூர் மழுங்காம அப்படியே இருந்தது. அதை எடுத்துட்டேன். வரையணும்னா அவ முகத்தைப் பார்க்கணும். தலை நிமிர மாட்டேங்குது.